முகம் வரட்டும்

எங்க உப்பளத்து ஊர்ல வெளிச்சம் எருமை நடைக்கு இறங்கின வருஷம், ஆவணி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை, நாப்பது குடும்பத்து உப்பும் ஒரே நாள்ல தண்ணியாப் போச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். சொல்லுறவ பேரு சொர்ணக்கிளி. வாய்க்கொழுப்பு புடிச்சவள்னு ஊர்ல பேரு வாங்கினவ. அதனால நல்லவ யாரு, கெட்டவ யாருன்னு முதல்லயே முடிவு கட்டிராம கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

வெளிச்சம் ஒரே நாள்ல மெதுவாகிடல. மாசியில ஒரு நாள், கரையில நின்னவனுக்குத் தோணி வந்து மணல்ல மோதின பிறகுதான் அது தூரத்துல வர்றது தெரிஞ்சுது; பங்குனியில கறிவேப்பிலைக்காரி வாசல்ல வந்து கத்திட்டுப் போன பிறகு அவ தெருமுனையில நிக்கிறது தெரிஞ்சுது; சித்திரை பிறந்ததும், கடல்ல இருந்து மேற்கே குறுக்குப்பட்டி தண்ணி டேங்க் வரைக்கும், வெளிச்சம் மேய்ஞ்சு திரும்புற எருமை கணக்கா நடக்க ஆரம்பிச்சு அந்த நடையிலயே நின்னுபோச்சு. ஆபீசருங்க ஜீப்புல வந்தாங்க, கருவியெல்லாம் இறக்கினாங்க, மூணு நாள் அளந்து பாத்துட்டு மணிக்கு மூணு கிலோமீட்டர்னு எழுதிட்டுப் போனாங்க. எருமைக்காரனைக் கேட்டிருந்தா அவன் சும்மாவே சொல்லியிருப்பான். எங்க சங்கத் தலைவர் பால்வண்ணம் மட்டும், உப்பங்காத்து பட்டா இரும்பே இத்துப்போகுது, வெளிச்சம் எம்மாத்திரம், அதுவும் கட்டிதட்டிப் போச்சுன்னு சொன்னாரு. நாங்களும் சரின்னு கேட்டுக்கிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டோம்.

பழகிட்டா எதுவும் பழக்கந்தானே. பஸ்ஸைக் காதால புடிச்சோம். பஸ் வந்து நின்னு, ஆளை ஏத்திக்கிட்டு, விசில் ஊதிப் போன பிறகு, ரோட்டுல ரெண்டு பஸ் தெரியும். ஒண்ணு முன்னுக்குப் போகும், இன்னொண்ணு வந்த வழியே பின்னுக்குப் போகும், ரெண்டும் நிஜ பஸ் இல்ல, வெளியூர்க்காரங்கதான் கையைக் காட்டிக்கிட்டு நிப்பாங்க. பந்து விளையாடுற பசங்க கண்ணை மூடிக்கிட்டு அடிச்சானுங்க, முன்னைவிட நல்லாவே அடிச்சானுங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியார் கரும்பலகையில எழுதினது கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர பதினஞ்சு எண்ணணும், அதுவரைக்கும் கடைசி பெஞ்சு நிம்மதியா இருந்துச்சு. வெளிச்சத்தைவிட வேகமா நடந்தா எதிர்ல வர்றவன் மேல மோதிக்குவோம்கிறதால ஊரே எருமைக்கு ஒரு அடி பிந்தி நடக்கக் கத்துக்கிட்டுது, அதுல ரெண்டு பேருக்கு மூட்டுவலி சரியாப் போச்சுன்னும் சொல்லிக்கிட்டாங்க. ஒரு நல்லதும் இருந்துச்சு. ஓடி வர்ற வெளிச்சந்தான் களைச்சுப்போய் தேய்ஞ்சு வரும். எங்க வெளிச்சம் நடந்து வந்ததால தேயவே தேயாது, எத்தனை மைலுக்கு அப்பால இருந்து வந்தாலும் காட்சி கைக்கெட்டுற தூரத்துல நிக்கிற மாதிரி முழுசா இருக்கும், மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணிரலாம்.

ஆனா ஒண்ணு மட்டும் எங்களைப் பாடாப் படுத்திருச்சு. அது பேச்சு. ரெண்டு பேர் நாலடி தள்ளி நின்னு பேசினாலே சொல்லு முதல்ல வந்துரும், முகம் பின்னாலதான் வரும். கிண்டல் பண்ணினவன் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பான், கேட்டவனுக்குச் சிரிப்பு வந்து சேர்றதுக்குள்ள கோபம் வந்துரும். அந்தச் சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் எங்க ஊர்ல விழுந்த சண்டை மாதிரி எந்தக் காலத்துலயும் விழுந்ததில்லை, சம்பந்தம் முறிஞ்சுது, பாகம் பிரிஞ்சுது, ஒருத்தன் கடைக்காரர் 'வாங்க'ன்னு சொன்னதுக்கு அடிச்சுப்புட்டான். அதுக்குப் பிறகுதான் ஊர் கூடி ஒரு வழக்கம் வச்சோம். யாரு என்ன சொன்னாலும் பதில் சொல்றதுக்கு முன்னால நிக்கணும், எண்ணணும், சொன்னவங்க முகம் வந்து சேர்ந்த பிறகுதான் வாயைத் திறக்கணும். "முகம் வரட்டும்"னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம். பச்சப்பிள்ளையும் சொல்லும். ஆனியில சண்டை பாதியாச்சு, ஆடியில கோயில் கொடை நல்லபடியா நடந்துச்சு.

இனி சந்தனமாரியைச் சொல்லணும். என் வீட்டுக்காரர் தவசிக்கனியோட தங்கச்சி, என்னைவிட நாலு வயசு இளையவ. நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து நானும் அவளும் ஒரே பாத்தியில உப்பு வாருனவங்க, ஒரே தூக்குச்சட்டியில கஞ்சி குடிச்சவங்க. தவசிக்கனி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவளுக்கு அண்ணன் போச்சு, எனக்குப் புருஷன் போச்சு, யாரு நிறைய அழுததுன்னு நாங்க கணக்குப் பாத்ததில்லை.

நாப்பது வீட்டுக்கும் பொதுவான எங்க பாத்தியில வேலை இப்படி. கடல்தண்ணி வாய்க்கால் சுத்திக்கிட்டு வந்து மேற்குக் கோடியில திரும்புது, அங்கதான் மடை. பகல் பதினோரு மணிக்கு மடைப் பலகையைத் தூக்கிப் பாத்திக்குத் தண்ணி விடுறது என் வேலை. கிழக்குக் கோடிக்குப் போய் உப்பைக் கையில அள்ளி நெரிச்சுப் பாத்து, விளைஞ்சிருச்சுன்னா சிவப்புக் கொடி நடுறது சந்தனமாரி வேலை. கொடி தெரிஞ்சா அன்னைக்குத் தண்ணி விடக்கூடாது, ஏன்னா விளைஞ்ச உப்பு மேல புதுத் தண்ணி பாஞ்சா அத்தனையும் கரைஞ்சுரும். கொடியில இருந்து மடைக்கு ஒன்னரை கிலோமீட்டர், வெளிச்சத்துக்கு அரை மணி நேரம். அதனால பத்தரைக்குள்ள கொடி நட்டுரணும், நான் பதினோரு மணிக்குக் கிழக்கே திரும்பிப் பாத்துட்டுத்தான் பலகையில கை வைக்கணும்னு சங்கத்துல முடிவு. இதுல தப்பு வர வழியே இல்லைன்னு பால்வண்ணம் சொன்னாரு. தப்புக்கு வழி காட்ட நான் ஒருத்தி இருக்கிறதை அவர் நினைக்கல.

அந்த வெள்ளிக்கிழமை காலையில நான் தலையில கனகாம்பரம் வச்சிருந்தேன். ரெண்டு வருஷத்துல முதல் தடவை. ஏன் வச்சேன்னு கேட்டா, பூக்காரி வந்தா, பூ நல்லா இருந்துச்சு, வாங்கினேன், வச்சேன், அவ்வளவுதான். வீட்டுல இருந்து மடை வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா எல்லாரும் ஒண்ணும் சொல்லாம இருக்கிறது எனக்கு முதுகுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒன்பதரை மணி இருக்கும், சந்தனமாரி கொடியைத் தோள்ல சாச்சுக்கிட்டு கிழக்கே போற வழியில என்கிட்ட வந்து நின்னா. நாலடி தள்ளி, கிழக்குப் பக்கமா, என்னைப் பாத்துத்தான் நின்னா. அவ குரல் கரகரன்னு வந்துச்சு.

"மைனி, எங்க அண்ணன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

நான் எண்ணியிருக்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணியிருந்தாலே போதும். எண்ணல. தாலி அறுத்தவளுக்குப் பூ ஒரு கேடான்னு அவ கேட்டதாத்தான் எனக்குக் காதுல விழுந்துச்சு. ஊர்ல எவ வேணும்னாலும் கேக்கட்டும், இவ கேக்கலாமா? முகம் வர்றதுக்குள்ள முகத்தைத் திருப்பிக்கிட்டு, செத்தவர்கிட்டயே போய்க் கேளுன்னு சொல்லிட்டு மடைக்கல்லுல போய் மேற்கே பாத்து உக்காந்துட்டேன். அவ கொஞ்ச நேரம் நின்னிருப்பா போல. பிறகு காலடிச் சத்தம் கிழக்கே போச்சு.

உக்காந்தவ உக்காந்தவதான். மனசுக்குள்ள அவகூட அம்பது சண்டை போட்டேன், அம்பதுலயும் நான்தான் ஜெயிச்சேன். பதினோரு மணிச் சங்கு ஊதினதும் எழுந்து பலகையைத் தூக்கினேன், கிழக்கே பாத்தேனா பாக்கலையான்னு என் மனசுக்கே தெரியாது. பாத்த மாதிரிதான் இருந்துச்சு. கொடி இல்லாத மாதிரிதான் இருந்துச்சு.

பன்னண்டரை மணிக்கு வாரப் போன பொம்பளைங்க போட்ட கூப்பாடு ஊர் வரைக்கும் கேட்டுது. பன்னண்டு நாள் விளைஞ்ச உப்பு, நாப்பது வீட்டு உப்பு, முழங்கால் தண்ணியில கரைஞ்சு கிடந்துச்சு. சிலபேர் பாத்தியில இறங்கி அடியில துழாவிப் பாத்தாங்க, கையில ஒண்ணும் வரல.

சங்கத்துக் கொட்டகையில எல்லாரும் கூடினோம். நான் கொடி இல்லைன்னு சொன்னேன். கொடி பத்தேகாலுக்கே நட்டாச்சுன்னு சந்தனமாரி சொன்னா. கொடி இப்ப அங்க நிக்குதேன்னு ஒருத்தர் சொன்னாரு. உப்பு கரைஞ்சதைப் பாத்துட்டு ஓடிப்போய் நட்டிருப்பான்னு நான்தான் சொன்னேன், வேற யாரும் சொல்லல, என் வாய்தான் சொன்னுச்சு. ரெண்டுல ஒருத்தி பொய் சொல்லுதா, பொய் சொன்னவளுக்கு உப்பு விலக்குன்னு பால்வண்ணம் சொன்னாரு.

உப்பு விலக்குன்னா உங்களுக்குத் தெரியாது. எங்க ஊர்ல உப்பை அழிச்சுட்டு அடுத்தவங்க மேல பழி போட்டா, விளக்கு வைக்கிற நேரத்துல இருந்து தைப்பொங்கல் வரைக்கும் அவங்க வீட்டுக்கு யாரும் உப்பு கொண்டு போகக்கூடாது, அவங்களும் பாத்தியில இறங்கக்கூடாது. சுத்தி நாலு மைலுக்கு உப்பு வெள்ளை வெள்ளையாக் குவிஞ்சு கிடக்கும், அவங்க மட்டும் உப்பில்லாத கஞ்சியைக் குடிக்கணும். கடைசியா விலக்கு வாங்கினவன் ஒரு மாசம் தாங்கல, குடும்பத்தோட ஊரைவிட்டே போயிட்டான். சந்தனமாரிக்குப் போக ஊர் எது? அவளும் தனிக்கட்டை, இந்தப் பாத்தியை விட்டா அவளுக்கு வேற பொழப்பும் கிடையாது, என்னை விட்டா வேற ஆளும் கிடையாது. கூட்டத்துல பாதிப்பேர் அவளைப் பாக்கிற பார்வை மாறுறதை நான் பாத்தேன், எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? அப்படித்தான் இருந்துச்சு, அடியில ஒரு நடுக்கமும் இருந்துச்சு.

அப்ப சந்தனமாரி எழுந்தா. அழல, கத்தல.

"பதினோரு மணிக் காட்சி இன்னும் எங்கயும் போயிரல. மேற்கே நடந்துகிட்டுத்தான் இருக்கு. லாரியை எடுங்க, முந்திப் போய் நிப்போம்."

ஆடு காணாமப் போனா ஆளு சைக்கிள்ல முந்திப் போய்ப் பாக்கிறது எங்களுக்குப் பழக்கந்தான், ஊர் வழக்குக்கு இப்படி யாரும் யோசிச்சதில்லை. கொடி, மடை, குறுக்குப்பட்டி டேங்க், மூணும் நூல் புடிச்ச மாதிரி ஒரே நேர்கோடு. கொடியோட காட்சி மடைக்கு வந்து சேரும்போது மடையோட காட்சியையும் கூட்டிக்கிட்டு, தண்ணிக்குப் போற ரெண்டு பொம்பளைங்க மாதிரி சேந்தே மேற்கே நடக்கும். மடையில நின்னவளுக்கு அந்த நேரம் கொடி தெரிஞ்சிருந்தா டேங்க் மேல நிக்கிறவங்களுக்கும் தெரியும், தெரியலைன்னா தெரியாது. மடையில இருந்து டேங்க் பதினஞ்சு கிலோமீட்டர், வெளிச்சத்துக்கு அஞ்சு மணி நேரம், மிக்கேல் ஓட்டுற உப்பு லாரிக்கு அரை மணி நேரம். மிக்கேல் ஹாரனை விடாம அடிச்சுக்கிட்டே ஓட்டினான், எதிர்ல வர்றது தெரியாதுல்ல. நாங்க நாப்பது வீட்டாளும் பின்னால நின்னுகிட்டு வந்தோம். நான் ஒரு மூலையில, அவ ஒரு மூலையில. என் தலையில பூ வாடிப் போயிருந்துச்சு, எடுத்து வீசவும் கை வரல.

குறுக்குப்பட்டிக்காரங்க ஒண்ணும் கேக்கல, குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க, டேங்க் படிக்கட்டைக் காட்டினாங்க. மேல வட்டமா இருந்த நடைபாதையில எல்லாரும் நெருக்கியடிச்சு கிழக்கே பாத்து நின்னோம். அங்க இன்னும் காலையாத்தான் இருந்துச்சு. எங்க காலை நேரம் வேட்டியும் சேலையுமா எங்களை நோக்கி நடந்து வந்துகிட்டிருந்துச்சு. களத்துல வேலையா இருந்தேன்னு சொன்ன பால்வண்ணம் ஓலைக்குடிசை நிழல்ல வாயைத் திறந்து தூங்குறது வந்துச்சு. மிக்கேல் லாரிக் கண்ணாடியில பத்துத் தடவை தலை வாருறது வந்துச்சு. சிரிச்சாங்க. நான் சிரிக்கல, ரெண்டரை மணி நெருங்குது, பதினோரு மணிக் காட்சிக்கு முந்தி எது வரும்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

வந்துச்சு. மடை வந்துச்சு, நான் வந்தேன், தோள்ல கொடியோட சந்தனமாரி வந்தா. சத்தம் கிடையாது, வாய் மட்டும் அசையுது. மைனி, எங்க அண்ணன் இருந்திருந்தா. அங்க நின்ன சொர்ணக்கிளி வெடுக்குன்னு திரும்பிக்கிட்டா. திரும்பின பிறகு, நான் அஞ்சு மணி நேரம் முன்னால பாக்காம விட்ட முகம் வந்து சேர்ந்துச்சு.

அவ சிரிச்சுக்கிட்டிருந்தா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு வழியுது, வாய் சிரிக்குது. குரல் கரகரத்தது கோபத்துல இல்ல, தொண்டை அடைச்சதுல. பூ சரம் ஒரு பக்கமாச் சரிஞ்சிருந்திருக்கு, அதைச் சரி பண்ணத்தான் கையை நீட்டிக்கிட்டே ரெண்டு அடி முன்னால வந்திருக்கா. நான் திரும்பினதும் அந்தக் கை அப்படியே காத்துல நின்னுச்சு. எவ்வளவு நேரம் நின்னுச்சு தெரியுமா? நான் எண்ணினேன். இந்தத் தடவை எண்ணினேன். இருபத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன். பிறகு கையை இறக்கி, முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, கொடியை எடுத்துக்கிட்டுக் கிழக்கே போனா.

எல்லாரும் பாத்தாங்க, எல்லாருக்கும் புரிஞ்சுது.

அதுக்குப் பிறகு ஒன்னரை மணி நேரம் நான் உக்காந்திருக்கிறதைப் பாத்தோம். மேற்கே பாத்து உக்காந்ததால என் முகம் எங்க முன்னாலயே இருந்துச்சு, சுரைக்காய் மாதிரி உப்பிக்கிட்டு, உதடு முணுமுணுக்க, அந்த அம்பது சண்டையும் ஒண்ணு விடாம. முடியப்போற நேரத்துல, எங்க கடிகாரத்துல மூணேமுக்கால் மணி இருக்கும், அந்த முகத்துக்குப் பின்னால, தோளுக்கு மேல, சிவப்பா ஒண்ணு முளைச்சு ஆட ஆரம்பிச்சுது. கொடி. சாட்சி வேணும்னா அதைவிடப் பெரிய சாட்சி வேணாம். கால் மணி நேரம் அது என் பின்னால கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டுது. நாலு மணிக்கு அங்க இருந்த நான் எழுந்தேன், திரும்பிப் பாக்காம, ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்காம, பலகையைத் தூக்கினேன்.

என்ன தோணுச்சுன்னு உண்மையைச் சொல்லுதேன். வெட்கம் இருந்துச்சு, இல்லாம இருக்குமா, நாப்பது வீட்டாளும் பாத்தாச்சு. ஆனா அதுக்கும் மேல, அப்பாடான்னு இருந்துச்சு. அவ என்னை ஏசல. ரெண்டு வருஷமா நான் பயந்துகிட்டே இருந்த ஒண்ணு நடக்கவே இல்ல. உப்பு போச்சு, மானம் போச்சு, ஆனா நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை இறக்கி வச்ச மாதிரி மூச்சு தாராளமா வந்துச்சு. நான் எல்லாரையும் பாத்து, தப்பு என்னோடது, மாரி மேல ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். வழக்கப்படி எல்லாரும் என் முகம் வர்ற வரைக்கும் நின்னாங்க. என் முகத்தைப் பாத்ததுக்குப் பிறகு யாரும் என்னை ஏசல. லாரியில திரும்பும்போது சந்தனமாரி என் மூலைக்கு வந்து நின்னுக்கிட்டா.

ஆனாலும் விலக்கு விலக்குதான். பால்வண்ணம் தொண்டையைச் செருமிக்கிட்டு, அவர் தூங்கினதையும் ஊர் பாத்துட்டதால கொஞ்சம் மெதுவாவே, சொர்ணக்கிளி வீட்டுக்குப் பொங்கல் வரைக்கும் யாரும் உப்பு கொண்டு போகக்கூடாதுன்னு சொன்னாரு. என் வீட்டு உப்புச் சட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். மறுநாள்ல இருந்து எல்லாருமாச் சேந்து புதுசா உப்பு விளைய வைக்கணும், நான் மட்டும் கரையில நிக்கணும். விலக்கு எனக்குத்தான், அவ ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை, இதுவாவது கிடைச்சுதேன்னுதான் நினைச்சேன்.

விளக்கு வச்ச பிறகு கஞ்சியை இறக்கி வச்சுட்டு முன்னால உக்காந்தேன். ஒரு வாய் குடிச்சேன், இறங்கல. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. உப்பில்லாத கஞ்சி அதைவிட நல்லா நினைக்க வைக்குது. வாசல்ல காலடிச் சத்தம் கேட்டுது. சந்தனமாரி. கையில ஒண்ணும் இல்ல, மடியில ஒண்ணும் இல்ல, வாசல்ல நின்னு ரெண்டு கையையும் விரிச்சுத் தெருவுக்குக் காட்டிட்டுத்தான் உள்ளே வந்தா. எதிர்வீட்டுத் திண்ணையோரமா நின்ன பால்வண்ணம்கூடப் பாத்தாரு, உப்பு கொண்டு போகலை.

என் பக்கத்துல உக்காந்தா. காலையில இருந்து பாத்தியில அள்ளி நெரிச்சு, கரைஞ்ச உப்பைத் துழாவி, காஞ்சு வெளுத்துப்போன வலது கையை, விரல் சந்தெல்லாம் வெள்ளை படிஞ்ச கையை, என் கஞ்சிச் சட்டிக்குள்ள விட்டுப் பிசைய ஆரம்பிச்சா.

"கை கழுவ மறந்துட்டேன் மைனி."

எனக்குக் கண்ணு நிறைஞ்சுருச்சு. அவ நிதானமா, ஒவ்வொரு விரலா உரசி உரசிப் பிசைஞ்சா. பிசைஞ்சு முடிச்சு, அந்தக் கையாலயே என் தலையில சரிஞ்சு கிடந்த வாடின பூவைத் தூக்கிச் சொருகினா. பிறகு காலையில சொன்னதையே திரும்பவும் சொன்னா, எங்க அண்ணன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்னு.

ஒரு முழந்தான் தூரம், எண்ண வேண்டிய அவசியமே இல்ல. இருந்தாலும் நான் எண்ணினேன். முகம் வந்துச்சு. நல்லாப் பாத்துக்கிட்டேன்.

"நாலு முழம் வாங்கியிருக்கலாமேன்னு சொல்லியிருப்பாரு."

அவ சிரிச்சா. சட்டியை என் பக்கம் தள்ளினா. கஞ்சியில உப்பு சரியா இருந்துச்சு.